வழுவழுப்பு எத்தனை நாள் தாங்கும்?

பல்வரிசையைச் சீராக்க மாட்டிக்கொள்ளும் ஒளிபுகும் அலைனரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெரியும். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேற்பூச்சு அதன் மேல் ஏற்கெனவே படிந்திருக்கிறது. பிளாஸ்டிக் வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் அதன் மேல் ஒட்டி ஒரு மெல்லிய தோலாகிவிடுகின்றன. வாயில் மிதந்து வரும் பாக்டீரியா முதலில் தொடுவது இந்தத் தோலைத்தான். பல் எனாமலின் மேலும் இதே தோல் படிகிறது, பல் செட்டின் மேலும் படிகிறது. எந்த நிறுவனம் எந்த வேதிப்பொருளால் செய்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

அதனால் ‘கிருமி ஒட்டாத பிளாஸ்டிக்’ என்று யாராவது சொன்னால், ஒட்டுமா ஒட்டாதா என்ற கேள்வியிலேயே நின்றுவிடக் கூடாது என்பது என் எண்ணம். ஒட்டத்தான் செய்யும். எவ்வளவு தாமதமாக ஒட்டுகிறது, ஒட்டியது எவ்வளவு எளிதாக விட்டுப்போகிறது, இந்தக் குணம் வாய்க்குள் எத்தனை நாள் நீடிக்கிறது என்பவையே கேட்க வேண்டியவை. வாயில் வைக்கும் பிளாஸ்டிக்குகளைப் பற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சிகளில் பயனுள்ளவை எல்லாம் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே இருக்கின்றன.

எந்தெந்தப் பிளாஸ்டிக் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பல் செட்டின் இளஞ்சிவப்பு ஈறு பாகம் பெரும்பாலும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது அக்ரிலிக். 1930களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்குள் வந்து, அதுவரை புழக்கத்தில் இருந்த வல்கனைட் என்ற கெட்டி ரப்பரைச் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டிவிட்டது. வளைந்து கொடுக்கும் ‘ஃப்ளெக்சிபிள்’ செட் என்று பல் டாக்டர்கள் சொல்வது நைலான் குடும்பத்தைச் சேர்ந்த பாலிஅமைடு. கம்பி போட்டுச் சரிசெய்த பல் மறுபடி நகராமலிருக்க இரவில் மாட்டும் ஒளிபுகும் ரிடெய்னரும், கம்பியே இல்லாமல் பல்லை நகர்த்தும் அலைனரும் பெரும்பாலும் பி.இ.டி.ஜி எனப்படும் பாலியெஸ்டர் வகையாலோ, வெப்பத்தில் இளகும் பாலியூரித்தேனாலோ, இரண்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்தோ செய்யப்படுகின்றன. சுமார் முக்கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள தகட்டைச் சூடாக்கி இளகவைத்து, பல்வரிசையின் அச்சு மேல் காற்றழுத்தத்தால் படியவைக்கிறார்கள். ஆறியதும் ஓரத்தை வெட்டினால் அலைனர் தயார். கழற்றி மாட்டும் உறையால் பல்லை நகர்த்தலாம் என்ற யோசனையை 1945-லேயே அமெரிக்காவின் ஹெரால்ட் கெஸ்லிங் ரப்பரில் செய்து காட்டினார். 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் கணினியின் துணையோடு அதைப் பெருந்தொழிலாக்கியது.

அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். பல் செட்டைப் பலர் பகல் முழுக்கப் போடுகிறார்கள். சிலர் இரவிலும் கழற்றுவதில்லை. உடலின் ஈரத்திலும் வெப்பத்திலும் இவ்வளவு நேரம் கிடக்கும் பிளாஸ்டிக் வேறு அதிகமில்லை. அதுவும் ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் மிதக்கும் இடத்தில். கன்னத்தின் உட்தோலும் நாக்கும் தம் மேல்செல்களை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒட்டிய கிருமிகளும் அவற்றோடு உதிர்ந்து போகின்றன. உடல் தனக்குத் தானே செய்துகொள்ளும் துப்புரவு அது. பிளாஸ்டிக்குக்கு உதிர்க்கத் தோல் இல்லை. ஒட்டியதை யாராவது எடுத்தால்தான் உண்டு.

ஒட்டிய பிறகு என்ன ஆகிறது? இந்தக் கதையின் முதல் சாட்சி 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த ஆன்டனி வான் லேவன்ஹுக். தானே தேய்த்துச் செய்த லென்ஸ்கள் வழியாகக் குட்டை நீரையும் மிளகு ஊறிய நீரையும் பார்த்தவர், தன் பல்லிடுக்கில் மாவுபோலத் திரண்டிருந்த வெண்பொருளையும் எடுத்துப் பார்த்தார். தினமும் உப்பால் பல் தேய்த்து, குச்சியால் இடுக்குகளைச் சுத்தம் செய்து, துணியால் துடைப்பவர் அவர். அப்படியும் அந்த வெண்பொருளுக்குள் எண்ணற்ற சிறு உயிர்கள் நெளிந்தன. 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார்.

அவர் செய்து பார்த்த இன்னொரு சோதனைதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. பல்லிலிருந்து எடுத்த பொருளை நீரில் கலந்து அதில் வினிகர் விட்டபோது உயிர்கள் உடனே மடிந்தன. ஆனால் வாயில் வினிகரை ஊற்றி நன்றாகக் கொப்பளித்த பிறகு பல்லிடுக்கிலிருந்து எடுத்த பொருளில் அவை உயிரோடு இருந்தன. வினிகர் மேலே இருந்தவற்றை மட்டுமே கொன்றிருக்கிறது, திரளுக்குள் முழுதாக இறங்கவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து, கூட்டாகப் படிந்த கிருமியைக் கொல்வதில்லை என்ற கண்டுபிடிப்பு இது. இதன் முழு அர்த்தத்தை மருத்துவம் உணர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

1978-ல் பில் காஸ்டர்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும், பாக்டீரியாக்கள் எப்படி ஒட்டுகின்றன என்பதைப் பொதுவாசகர்களுக்கும் புரியும் வகையில் எழுதினார்கள். சோதனைக்கூடத்தின் குடுவையில் தனித்தனியாக நீந்தும் பாக்டீரியா இயற்கையில் விதிவிலக்கு. பெரும்பாலானவை ஏதாவதொரு பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக வாழ்கின்றன என்ற பார்வை அதற்குப் பிறகு வேரூன்றியது. இந்தக் கூட்டுவாழ்வே உயிர்ப்படலம். குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கவிடும் பாசியும், தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் விரலுக்குத் தட்டுப்படும் கொழகொழப்பும், காலையில் எழுந்ததும் பல்லின் மேல் நாக்கு உணரும் படிவும் எல்லாம் அதுதான்.

வாயில் அது கட்டப்படும் வரிசை ஓரளவு நன்றாகவே தெரியும். புரதத் தோலின் மேல் முதலில் வந்து பிடிப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தின் சில இனங்களும் ஆக்டினோமைசஸும். புரதங்களின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொள்ள ஏற்ற மூலக்கூறுகள் அவற்றின் மேற்பரப்பில் இருக்கின்றன. அவற்றின் மேல் அடுத்தவை ஒட்டுகின்றன. நீண்ட ஊசி வடிவமுள்ள ஃபியூசோபாக்டீரியம், முன்னால் வந்தவற்றையும் பின்னால் வருபவற்றையும் இணைக்கிறது. கடைசியில் வருபவை ஆக்சிஜனை வெறுப்பவை; ஈறு நோயோடு தொடர்புள்ள பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் அவற்றில் ஒன்று. காற்று போய்வரும் வாயில் அவை பிழைப்பதே மேலே இருப்பவை ஆக்சிஜனை உண்டு தீர்த்துவிடுவதால்தான். இடையே சர்க்கரை வந்து சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாகிறது. 1924-ல் லண்டனில் கில்லியன் கிளார்க் அடையாளம் கண்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், நாம் உண்ணும் வெள்ளைச் சர்க்கரையை உடைத்து குளூக்கான் என்ற பிசினாக மாற்றும் நொதியை வெளியே விடுகிறது. அந்த நொதி கேண்டிடா என்ற பூஞ்சையின் மேலும் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயும் பிசின் செய்கிறது. இனிப்பு, பாக்டீரியா, பூஞ்சை மூன்றும் சேர்ந்தால் படலம் தடித்து உறுதியாவது இப்படித்தான்.

இந்தப் பிசினுக்குள் மருந்து மெதுவாகவே இறங்குகிறது. இறங்கும்போதே ஒரு பகுதி பிசினோடு வினைபுரிந்து வீணாகிறது. ஆழத்தில் உணவும் ஆக்சிஜனும் குறைவு என்பதால் அங்குள்ள செல்கள் வளர்ச்சியை ஏறத்தாழ நிறுத்திவிட்டுக் கிடக்கின்றன. வளரும் செல்லைக் குறிவைத்துச் செய்த மருந்துகளால் வளராத செல்லை ஒன்றும் செய்ய முடிவதில்லை. மிதக்கும் நிலையில் சாகும் கிருமி, படலத்துக்குள் இருக்கும்போது நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தையும் தாங்கும் என்று ஆய்வுகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஆகவே படலம் முற்றிய பிறகு அதை வேதிப்பொருளால் வெல்வது கடினம். தேய்த்து எடுக்கலாம். அல்லது முற்றவே விடாமல் பார்க்கலாம். பிளாஸ்டிக்கின் குணம் முக்கியமாவது இங்கேதான்.

பிளாஸ்டிக்கின் எந்தக் குணம்? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மார்க் குவிரினனும் சக ஆய்வாளர்களும் 1990-ஐ ஒட்டிச் செய்த சோதனை, எளிமையில் அழகானது. தண்ணீரே ஒட்டாத டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக் ஒன்றையும், தண்ணீர் நன்றாகப் பரவும் செல்லுலோஸ் அசிட்டேட்டையும் சிறு பட்டைகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பாதி வழுவழுப்பாகவும் மறுபாதி சொரசொரப்பாகவும் இருந்தது. தன்னார்வலர்களின் முன்பற்களில் அவற்றை ஒட்டிச் சில நாட்கள் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். வழுவழுப்பான பாதிகளை ஒப்பிட்டபோது டெஃப்லான் வகையில் படிவு குறைவு. சொரசொரப்பான பாதிகளுக்கு வந்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. இரண்டிலும் படிவு மிகுதி. வேதியியல் தந்த நன்மையைச் சொரசொரப்பு விழுங்கிவிட்டது.

ஏன் என்பது பாக்டீரியாவின் அளவைப் பார்த்தால் புரியும். அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாய்க்குள் உமிழ்நீரின் ஓட்டம், நாக்கின் உரசல், விழுங்கும்போது ஏற்படும் இழுப்பு எல்லாம் புதிதாக ஒட்டியதை அடித்துக்கொண்டு போகும் விசைகள். ஆடிக்காற்றில் மதிலோரம் ஒதுங்கி நிற்பவர்மேல் காற்று படாததுபோல, ஒரு கீறலின் பள்ளத்தில் இறங்கிய பாக்டீரியாமேல் இந்த விசைகள் படுவதில்லை. அங்கே நிதானமாகப் பிடித்துக்கொண்டு பெருக அதற்கு நேரம் கிடைக்கிறது. பள்ளம் நிரம்பியதும் சமதளத்துக்குப் பரவுகிறது. 1997-ல் இதே லூவன் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஓர் எல்லையைச் சொன்னார்கள்: சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால் அதற்கு மேல் மெருகேற்றியும் பாக்டீரியா குறைவதில்லை. அதைத் தாண்டினால் படிவு ஏறிக்கொண்டே போகிறது. பல் மருத்துவப் பொருட்களைச் சோதிக்கும் பலரும் இன்றும் இந்த எண்ணை வைத்தே அளக்கிறார்கள். நம் நாக்கின் நுனி கூர்மையான கருவிதான், என்றாலும் அது சொரசொரப்பை உணரத் தொடங்குவது இந்த எல்லைக்குச் சற்று மேலேதான். நாக்குக்கு வழுவழுப்பாகப் படுவது பாக்டீரியாவுக்கும் வழுவழுப்பாக இருக்கும் என்று நம்ப முடியாது.

தகடாக ஆலையிலிருந்து வரும்போது பி.இ.டி.ஜி மிக வழுவழுப்பானது. பிறகு என்ன நேர்கிறது என்பதைப் பாருங்கள். அச்சு முப்பரிமாண அச்சுப்பொறியில் அடுக்கடுக்காக வார்க்கப்பட்டதாக இருந்தால், ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் நுண்ணிய படியாக நிற்கும். இளகிய தகடு அந்தப் படிகளையும் அப்படியே தன் உட்பக்கத்தில் வாங்கிக்கொள்ளும். அடுக்கு ஒன்றின் உயரம் 50 முதல் 100 மைக்ரோமீட்டர். பாக்டீரியாவின் அளவுக்கு அது மாடிப்படி. ஓரத்தை வெட்டிய இடம் வேறு, சரியாக மெருகிடாவிட்டால் சொரசொரப்பாக நிற்கும். அந்த ஓரம்தான் ஈறை ஒட்டி அமர்கிறது. அலைனரைப் பிடித்துக்கொள்ள டாக்டர்கள் பல்லின் மேல் ஒட்டும் சிறு புடைப்புகளுக்கு ஏற்ற குழிகளும் உட்பக்கத்தில் உண்டு.

வாய்க்குள் போனபின் மெல்லுவதற்கு அலைனரைக் கழற்றிவிட்டாலும், பற்களை இறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கடைவாய்ப் பற்களின் முகடுகள் உரசித் தேய்கின்றன. பிளாஸ்டிக் கொஞ்சம் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. பாலியூரித்தேன் இதில் பி.இ.டி.ஜியைவிட முன்னே நிற்கிறது. நோயாளிகள் போட்டு முடித்த அலைனர்களைத் திரும்பப் பெற்று ஆராய்ந்த குழு ஒன்று 2004-ல் வெளியிட்ட முடிவுகள் இதை நேரடியாகக் காட்டின. முகடுகளில் தேய்மானம் இருந்தது. உமிழ்நீர் தேங்கும் இடங்களில் படிவு இருந்தது. அதில் சில இடங்கள் சுண்ணாம்பேறிக் காரையாகவே கெட்டிப்பட்டிருந்தன. இத்தனைக்கும் அவை சில நாட்களில் மாற்றிவிடும் பொருட்கள்.

ஹாங்காங்கில் நடந்து 2011-ல் வெளியான மற்றோர் ஆய்வு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தப் படிவை மணிக்கணக்கில் பின்தொடர்ந்தது. அந்தக் குழுவில் இருந்த லக்ஷ்மன் சமரநாயக்க இலங்கையில் பிறந்தவர். வாயில் வாழும் கேண்டிடா பூஞ்சை பற்றிய ஆராய்ச்சியில் உலகறிந்த பெயர், பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் நுண்ணுயிரியல் பாடநூலின் ஆசிரியர். அவர்கள் கண்டதும் லூவனின் பாடத்தோடு ஒத்துப்போகிறது. போடாத புது அலைனரின் பரப்பிலேயே நுண்கீறல்களும் மேடுபள்ளங்களும் இருந்தன. படலம் தடித்தது ஒதுக்குப்புறமான குழிவுகளில். சமதளமான பக்கங்களில் குறைவு.

அக்ரிலிக் பல் செட்டுக்கும் இதுவே கதை. மாவும் திரவமும் கலந்து அச்சில் வைத்துச் சூடேற்றி இறுகவைப்பதில் நுண்துளைகள் தங்கிவிடலாம். வாய்க்குள் தெரியும் பக்கத்தைப் பளபளப்பாக மெருகிடுகிறார்கள். அண்ணத்தைத் தொடும் பக்கத்தை மெருகிட்டால் பொருத்தம் கெட்டுவிடும் என்பதால் அப்படியே விட்டாக வேண்டும். உமிழ்நீர் அதிகம் படாததும் அந்தப் பக்கமே. கேண்டிடாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செட் போட்டிருப்பவர்களுக்கு அண்ணம் சிவந்துபோகும் அழற்சியில் பூஞ்சை மருந்து தடவிச் சரியானது சில வாரங்களில் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம், செட்டின் துளைகளுக்குள் மிச்சமிருக்கும் பூஞ்சை. வாய்க்கு வைத்தியம் பார்க்கும்போது செட்டுக்கும் பார்க்க வேண்டும் என்று பல் டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். உயர் அழுத்தத்தில் முன்பே இறுக்கிய அக்ரிலிக் கட்டியிலிருந்து கணினி இயந்திரத்தால் கடைந்தெடுக்கும் புதிய செட்டுகளில் துளைகள் குறைவு. இது விளம்பரத்துக்கான மேம்பாடு என்று ஒதுக்கிவிட முடியாத, உண்மையான முன்னேற்றம். ஃப்ளெக்சிபிள் செட் இந்த விஷயத்தில் எதிர்த்திசை: மென்மையான நைலானை அக்ரிலிக் அளவுக்கு மெருகிடுவது கடினம், தினசரித் தேய்ப்பில் அது கீறல் வாங்குவதும் எளிது. ஈறில் உறுத்தாத அதன் சுகத்துக்கு இந்த விலை உண்டு என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிளாஸ்டிக்கில் படிவது பிளாஸ்டிக்கோடு நின்றால் கவலையில்லை. அலைனர் பல்லை முழுதாக மூடுகிறது. சாதாரணமாகச் சர்க்கரை கலந்த எதையாவது குடித்தால், படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் அமிலம் செய்கின்றன. எனாமல் கரையத் தொடங்கும் pH 5.5 என்ற எல்லைக்குக் கீழே பல்லின் மேற்பரப்பு போய்விடுகிறது. ராபர்ட் ஸ்டீஃபன் 1940களில் வரைந்து காட்டிய வளைவு இது. அதன் பிறகு உமிழ்நீர் அமிலத்தை அலசி, சமன்செய்து, அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில் நிலைமையைத் திருப்பிவிடும். அலைனரைப் போட்டுக்கொண்டே சர்க்கரை போட்ட காபியைக் குடித்தால், காபி உள்ளே புகுந்துவிடும். உமிழ்நீரோ எளிதில் புக முடியாது. இனிப்பும் அமிலமும் படலமும் பல்லும் ஒரே மூடிய இடத்தில் தங்குகின்றன. சூடு தனிச் சிக்கல்: பி.இ.டி.ஜி ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் பொருள், அதற்கு வெகு முன்பே சூட்டில் அதன் விறைப்பும் பிடிப்பும் குறையும். அலைனரோடு தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்காதீர்கள் என்று டாக்டர் சொல்வது வெறும் கறை விவகாரம் இல்லை.

கிருமியைக் கொல்லும் பொருளைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்துவிட்டால் என்ன என்று பல ஆய்வகங்கள் முயன்று வருகின்றன. வெள்ளி நுண்துகள்கள் அதில் முதல் வரிசை. வெள்ளி அயனிகள் மெல்லக் கசிந்து பாக்டீரியாவைத் தாக்கும். கசிவதால்தான் வேலை செய்கிறது, கசிவதாலேயே தீர்ந்தும் போகிறது. அளவைக் கூட்டினால் பிளாஸ்டிக்கின் நிறமும் வலிமையும் கெடும். ஒசாகா பல்கலைக்கழகத்தின் சடோஷி இமாசடோ 1990களில் வேறு வழி கண்டார். கிருமிநாசினியை ரெசினின் மூலக்கூறோடு வேதிப்பிணைப்பால் கட்டிப்போட்டார். அது கசியாது, தீராது. தன்னைத் தொடும் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும். பல் அடைப்புக்கான ஒட்டுப்பொருளில் அது சந்தைக்கும் வந்தது. ஆனால் தொட்டால்தான் கொல்லும். இறந்த பாக்டீரியாவும் புரதமும் மேலே படிந்தபின், அடுத்து வருபவை அந்தக் குவியலின் மேல் பத்திரமாக நிற்கின்றன.

கொல்வதை விட்டு, ஒட்டவே விடாமல் தடுக்கும் வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஜப்பானில் கசுஹிகோ இஷிஹாரா பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய எம்.பி.சி என்ற பாலிமர், நம் செல் சவ்வின் வெளிமுகத்தில் இருக்கும் பாஸ்ஃபோரைல்கோலின் என்ற தொகுதியைத் தன் மேல் சுமக்கிறது. அது தன்னைச் சுற்றி ஒரு தண்ணீர்ப் படுகையை இறுகப் பிடித்துக்கொள்வதால் புரதங்களால் நெருங்கி ஒட்ட முடிவதில்லை. புரதத் தோலே குறைந்தால் முதல் பாக்டீரியாவுக்குப் பிடிமானம் குறையும். அடிப்படையையே குறிவைக்கும் இந்த யோசனைக்கு முன்னுள்ள தடை தேய்மானம். பல மாதங்கள் தினசரித் தேய்ப்பைத் தாங்குமாறு அந்தப் பூச்சைப் பிளாஸ்டிக்கோடு பிணைப்பது எளிதல்ல.

தாமரை இலையைக் காட்டி, தண்ணீரே ஒட்டாத பரப்பைச் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பான் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் பார்ட்லாட் 1997-ல் விளக்கியதுபோல, இலையின் நுண்மேடுகளும் மெழுகும் இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதாலேயே துளி உருண்டோடி அழுக்கையும் கூட்டிச் செல்கிறது. வாயில் துளி உருள்வதில்லை. பரப்பு நாள் முழுக்க உமிழ்நீரில் மூழ்கிக் கிடக்கிறது, உமிழ்நீரின் புரதங்கள் ஈரத்தைப் பரவவும் வைக்கின்றன. காற்று வெளியேறிவிட்டால் அந்த மேடுகள் வெறும் சொரசொரப்புதான். சில்வண்டின் சிறகிலுள்ள நுண்தூண்கள் சில பாக்டீரியாக்களைக் கிழித்துக் கொல்வதை எலெனா இவனோவாவின் குழு ஆஸ்திரேலியாவில் 2012-ல் காட்டியது. வியப்பான கண்டுபிடிப்பு. ஆனால் கடிபடும், தேய்க்கப்படும் பிளாஸ்டிக்கில் அவ்வளவு நுண்ணிய தூண்கள் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி உடனே எழுகிறது.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நான் தேடிப் பார்ப்பது சோதனை எப்படி நடந்தது என்பதைத்தான். ஒரே ஓர் இனப் பாக்டீரியா, உமிழ்நீர் இல்லாத ஊட்டக் குழம்பு, 24 மணி நேரம், கீறலே படாத புதுப் பிளாஸ்டிக் என்றால் 99 விழுக்காடு கிருமி குறைந்தது என்ற முடிவு வருவது கடினமில்லை. பல இனங்கள் கலந்த உமிழ்நீரில், முன்னதாகவே புரதம் படிந்த, சில வாரங்கள் தேய்க்கப்பட்ட பரப்பில் அதே முடிவு வந்தால் அது செய்தி.

இன்றைக்குக் கையில் இருக்கும் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது, அதன் வழுவழுப்பைக் காப்பாற்றுவது. பற்பசையில் பல்லுக்கு ஏற்ற தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. எனாமலைவிட வெகு மென்மையான அக்ரிலிக்கையும் பி.இ.டி.ஜியையும் அவை கீறிவிடும். பளபளக்கவைக்க நினைத்துப் பற்பசையால் அழுத்தித் தேய்ப்பவர், பாக்டீரியாவுக்குப் பள்ளம் வெட்டிக்கொடுக்கிறார். மென்மையான பிரஷும் ஒரு சொட்டுத் திரவ சோப்பும் போதும். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. செட்டைக் கொதிநீரில் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; அது கிருமியைக் கொல்லலாம், கூடவே செட்டைக் கோணலாக்கிவிடும். நுரைக்கும் சுத்திகரிப்பு மாத்திரைகள் நல்ல துணை. ஆனால் லேவன்ஹுக்கின் வினிகரைப் போல, தடித்த படலத்தின் அடிவரை அவை இறங்குவதில்லை. முதலில் தேய்த்துவிட்டு, பிறகு ஊறவைத்தால் பலன் உண்டு. ஊறிய செட்டை நன்றாக அலசிவிட்டே வாயில் வைக்க வேண்டும். அலைனரைத் திரும்ப மாட்டும் முன் பல்லையும் தேய்த்துவிடுவது, பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறது.

வயதானவர்கள் விஷயத்தில் இது வாயோடு முடிவதில்லை. ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. பல் செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து, கழற்றிவைத்துத் தூங்குபவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. செட்டிலும் நாக்கிலும் படிவு, ஈறு அழற்சி, கேண்டிடா ஆகியவையும் அவர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. முதுமையில் அந்தக் கொஞ்ச உமிழ்நீரும் தெரியாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உண்டு. படலத்திலிருந்து பிரிந்த கிருமிகளும் அதோடு நுரையீரலுக்குப் போய்விடும்.

பல் இல்லாத முகத்தை வீட்டார் பார்க்க வேண்டாம் என்ற கூச்சத்தால் இரவிலும் செட்டைக் கழற்றாத தாத்தா பாட்டிகள் பலர். அவர்களிடம் கிருமியைப் பற்றிப் பேசுவதைவிட, படுக்கை அறையில் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் மூடியுள்ள ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகு கழற்றிப் போடச் சொல்வது எளிது. கை நடுங்குபவர்களுக்கு வீட்டில் யாராவது காலையில் அதைத் தேய்த்துக் கொடுக்கலாம். தேய்க்கும்போது வெளியே தெரியும் பளபளப்பான பக்கத்தோடு நின்றுவிடாமல், அண்ணத்தில் படியும் உட்பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.